இரண்டு பொட்டலமும் ஓர் ஆடும்

அன்று காலை கோயிலில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, நான், பூசாரி, பொட்டலம் எடுப்பதற்காகக் கூட்டி வந்திருந்த சித்தியின் நான்கு வயது மகள், பிறகு பூசாரியின் ஆடு. இல்லாதவர்கள்: மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும். பூக்கட்டிப் பார்த்து அம்மனிடம் சம்மதம் கேட்கும்போது அவர்கள் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இன்னொருவரும் இல்லை. திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்துபோன பேராசிரியை. எங்கள் கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அன்று நடந்ததில் பாதி, அவர் எழுதிய பக்கங்களால் நடந்தது. மீதிப் பாதி, அவர் எழுதியும் என் கைக்கு வராத பக்கங்களால்.

அந்தப் பக்கங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பி.ஏ. வரலாறு. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், எட்டாவதோடு நின்றவள். ஒன்பதாவதுக்குச் சாணார்பட்டிக்குப் பஸ்ஸில் போக வேண்டும் என்றானபோது அவளை நிறுத்தினார்கள். மூன்று வருஷம் கழித்து அதே பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டி என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

பேராசிரியை கொண்டுவந்தது கையால் எழுதிய தமிழ்க் குறிப்புகள். இயற்பியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி குவாண்டம் பற்றி எழுதியது என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தார். இருபக்கமும் நகல் எடுக்கச் சொன்னார். இயந்திரத்துக்கு அன்று உடம்பு சரியில்லை. ஒரு பக்கத்தை ஒழுங்காக எடுத்துவிட்டு மறுபக்கத்தைக் கறுப்பாகத் தள்ளியது. அவருக்கு வேறு இயந்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போன கட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒற்றைப்படைப் பக்கங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. இரட்டைப்படைப் பக்கங்கள் அமாவாசை.

ஐந்தாம் பக்கம், ‘அப்போது எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது’ என்று முடியும். ஏழாம் பக்கம், ‘ஆகவே பயப்படத் தேவையில்லை’ என்று தொடங்கும். நடுவில் எதைப் படித்திருந்தால் ஒருவர் பயந்திருப்பார் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எனக்கே பயம் வந்துவிட்டது. ஆனால் அது சந்தோஷமான பயம். ராட்டினத்தில் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அந்த மாதிரி. ஜெராக்ஸ் இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஓடுவதை ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன். இப்போது அது ஓடும்போதெல்லாம் கை சிலிர்த்தது. இந்த வெளிச்சம் அலையா, துகளா என்று நான் கேட்கிற கேள்வியைப் பொறுத்துத்தான் அது பதில் சொல்லும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டி, “தம்பி, ரெண்டு காப்பி” என்றபோது, “ரெண்டா இருக்கிறது நீங்க பாக்குறதாலகூட இருக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் நான் சொல்வதைக் கேட்க ஓர் ஆள்தான் இருந்தாள். சாயங்காலங்களில் முற்றத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, அக்கா அதன் தலையில் காய்ந்து நிற்கும் தாளை அறுத்துக்கொண்டிருப்பாள். நான் எதிரே உட்கார்ந்து பக்கங்களை வாசிப்பேன்.

“ஒரு எலக்ட்ரான் ரெண்டு வாசல் வழியாவும் ஒரே நேரத்துல போகுமாம்க்கா.”

“எம்புட்டுப் பெருசு அது?”

“கண்ணுக்கே தெரியாது. நீ வெங்காயம்னு வச்சுக்கயேன். ஒரே வெங்காயம், முன்வாசல்லயும் போகுது, பின்வாசல்லயும் போகுது.”

“அங்கிட்டுப் போயி எத்தனையா விழும்?”

“ஒண்ணாத்தான்.”

“அப்ப நமக்கு லாபம் இல்ல” என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

பூனைக் கதையைச் சொன்னேன். மூடிய பெட்டிக்குள் ஒரு பூனை, பக்கத்தில் விஷம். விஷம் வெளிப்படுமா இல்லையா என்பதை ஒரே ஓர் அணுவின் குணம் முடிவு செய்யும். அணு இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை என்றால், பெட்டியைத் திறக்கும்வரை பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது என்று சொல்ல வேண்டி வருமே, அது சரியா என்று விஞ்ஞானிகள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அக்கா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பூனைக்குத் தெரியாதாக்கும்?”

பதினோராம் பக்கத்தைப் புரட்டினேன். பூனையின் கருத்து பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு நாள், நடக்கக்கூடிய எல்லாமே ஒவ்வோர் உலகத்தில் நடந்துகொண்டே இருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு என்று வாசித்தேன். அக்கா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஒரு ஒலகத்துல நான் பத்தாவது எழுதியிருப்பனா?”

“எழுதியிருப்ப.”

“பாஸா?”

“மாவட்டத்துல மொதல்.”

“அங்க வெங்காயம் யாரு அறுக்கிறா?”

“நான்தான்.”

“கண்ணு எரியுதா?”

“எரியுது.”

அவள் சிரித்தாள். எனக்கு நிஜமாகவே எரிந்தது.

கடைசியாக ஜோடித் துகள்கள். ஒரே இடத்தில் ஜோடியாகப் பிறந்த இரண்டு துகள், ஆளுக்கொரு திசையில் எத்தனை தூரம் போனாலும், ஒன்றைப் பார்த்தால் மற்றதன் பதில் தெரிந்துவிடும். இதை விளக்க எனக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. எங்கள் ஊருக்கே உரிய உதாரணம் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூக்கட்டிப் பார்ப்பதுதான் அது. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து நாரால் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள்.

“ஒரு பொட்டலம் இங்க இருக்கு, இன்னொண்ணு செம்பட்டியில இருக்குன்னு வையி. இத அவுத்து வெள்ளைன்னு தெரிஞ்ச அந்த நிமிசமே, செம்பட்டியில இருக்கிறது செவப்புன்னு தெரிஞ்சுபோகும்ல? அதான்க்கா.”

“அதுல என்ன அதிசயம் இருக்கு? கட்டுனவளுக்கு மொதல்லயே தெரியும்ல?”

“இதுல கட்டுனவளுக்கும் தெரியாது. பாக்குற வரைக்கும் உள்ள எதுவுமே முடிவாகல.”

“அப்ப கட்டுனவளே இல்லன்னு சொல்லு.”

கடவுள் உண்டா, உலகம் முன்பே எழுதப்பட்டதா, நாம் பார்ப்பதால்தான் அது எழுதப்படுகிறதா என்று ஒன்பது பக்கமாகப் பேராசிரியை சுற்றி வந்த கேள்வியை, அக்கா வெங்காயத் தாளைத் தள்ளுகிற மாதிரி ஒரே தள்ளில் என் முன்னால் தள்ளிவிட்டாள்.

உதாரணத்தில் நான் செம்பட்டி என்றது சும்மா இல்லை. அவளுக்கும் அது தெரியும். எங்கள் போர்வெல் மோட்டாரைச் சரிசெய்ய வந்தவர் செம்பட்டிக்காரர். முதல் தடவை மோட்டார் கம்பிச் சுருள் எரிந்திருந்தது, வந்தார். இரண்டாம் தடவை பேரிங், வந்தார். மூன்றாம் தடவை மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, வந்தார். அக்கா அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவள் நடையைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். பிறகு அவர் வீட்டிலிருந்து முறையாக ஆள் விட்டுக் கேட்டார்கள். அப்பாவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் பொருத்தம் பார்க்க அக்காவுக்கு ஜாதகம் இல்லை. ஜோசியர் பிறந்த நேரம் கேட்டதற்கு, “மழ பெஞ்சுக்கிட்டிருந்துச்சுங்க” என்று அப்பா சொல்லியிருக்கிறார். நேரம் குறித்து வைக்கிற ஆள் அன்று எங்கள் வீட்டில் இல்லை.

ஆகவே அம்மனிடம் கேட்பது என்று முடிவானது. அப்பாவின் சட்டம் எங்களுக்குத் தெரியும். ஒரே தடவைதான் கேட்க வேண்டும். மறுபடி கேட்டால் சாமியை நம்பவில்லை என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, சிவப்பு விழுந்தது. கோயில் வாசலில் நின்றபடியே அப்பா போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை சிவப்பு வந்தால் செம்பட்டிக்கும் அதே போன்தான். முந்தின சாயங்காலம் அக்கா வெங்காயம் அறுக்கவில்லை. நான் பக்கங்களை எடுக்கவில்லை.

கோயில் என்றால் வேப்பமரத்தடியில் ஒரு மேடை, தகரக் கூரை, எதிரே ஒரு விளக்குக் கம்பம், சுற்றிலும் காடு. பூசாரி வாழையிலையைக் கிழித்துக் கொடுத்தார். அம்மா கூடையில் வெள்ளைக்குத் தும்பைப் பூவும் சிவப்புக்குச் செவ்வரளியும் கொண்டுவந்திருந்தாள். தும்பையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மல்லிகை வைத்தால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும். பூசாரியும் மற்றவர்களும் முதுகைக் காட்டி நின்றுகொள்ள, பொட்டலம் கட்டும் வேலையை அம்மா அக்காவிடம் தந்துவிட்டுத் தானும் திரும்பிக்கொண்டாள். வீட்டிலேயே முடிச்சு வேகமாகப் போடுகிறவள் அவள்தான். யாருக்காகப் பூக்கட்டுகிறோமோ அந்தப் பெண்ணே கட்டுவது சரியா என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டி முடித்ததும் அக்கா தன் கைக்குட்டையைச் சுருட்டி, “இத வச்சிரு” என்று என் சட்டைப் பையில் திணித்தாள். முகம் துடைக்கிற கைக்குட்டை என்று நினைத்தேன்.

சித்தி மகள் கண்ணை மூடாமலேயே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி அதை வாங்கி மேடை விளிம்பில் வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றத் திரும்பினார். கற்பூரத்தைக் காட்டிவிட்டுத்தான் பிரிப்பது வழக்கம். தீக்குச்சி இரண்டு அணைந்தது. மூன்றாவது பற்றியபோது மேடை விளிம்பில் பொட்டலம் இல்லை. ஆட்டின் வாயோரத்தில் ஒரு வாழைநார் ஆடிக்கொண்டிருந்தது.

“தின்னுருச்சு” என்றாள் சித்தி மகள்.

ஆடு நாரையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

முதலில் தெளிந்தவர் அப்பா. “இதுல என்ன இருக்கு? இன்னொரு பொட்டலம் இருக்குல்ல. அத அவுத்துப் பாருங்க. அதுல வெள்ளை இருந்தா எடுத்தது செவப்பு. செவப்பு இருந்தா எடுத்தது வெள்ளை.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜோடித் துகள். பத்தொன்பதாம் பக்கம். எந்தப் பள்ளிக்கூடமும் போகாத என் அப்பா, வேப்பமரத்தடியில், யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதைப் பேசுகிறார். நான் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அதற்குள் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். தோல் கையோடு வந்துவிடும் போல் இருந்தது.

“ரெண்டும் தும்பை” என்று உதடு அசையாமல் சொன்னாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எதை எடுத்தாலும் வெள்ளை வரட்டும் என்று இரண்டிலும் தும்பையையே கட்டியிருக்கிறாள். எடுத்ததைப் பிரித்திருந்தால் வெள்ளை, கல்யாணம். எடுத்தது இப்போது ஆட்டின் வயிற்றில். மிச்சத்தைப் பிரித்தால் அதுவும் வெள்ளை. அப்பாவின் கணக்குப்படி எடுத்தது சிவப்பு என்றாகிவிடும். செம்பட்டிக்குப் போன் போய்விடும். அவள் போட்ட பூட்டு அவளையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. இரண்டும் வெள்ளைதான் என்று உண்மையைச் சொன்னாலோ, சாமியை ஏமாற்றினாள் என்றாகும். அதன்பின் அப்பா எந்தச் சம்பந்தத்தையும் கேட்கவே மாட்டார்.

அப்படியென்றால் அந்தச் செவ்வரளி எங்கே என்று ஒரு கேள்வி பாக்கி இருந்தது. என் சட்டைப் பை லேசாகக் கனத்தது.

பூசாரியின் கை மிச்சப் பொட்டலத்தை நோக்கிப் போனது. “நில்லுங்க” என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் குவாண்டம் தேவைப்பட்டது.

“அம்மங்கிட்ட நாம கேட்டது எடுத்த பொட்டலத்த. எடுக்காத பொட்டலத்தப் பத்தி நாம கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்குப் பதில்னு ஒண்ணு கெடையாது. நாம பாக்காததுல இருக்கிறத, பாத்ததுல இருந்திருக்கும்னு எடுத்துக்கக் கூடாதுன்னு பெரிய பெரிய விஞ்ஞானிங்க எல்லாம்…”

“ஏலே, அவிங்க எல்லாம் எந்தக் கோயிலு?” என்றார் அப்பா.

“கோயில் இல்லப்பா. குவாண்டம்.”

“அப்ப அது சாமி விசயத்துக்கு ஆகாது.”

ஆனால் பூசாரி கையை இழுத்துக்கொண்டார். “தம்பி சொல்றதுல ஒண்ணு இருக்குண்ணே. எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கிற வழக்கம் நம்மகிட்ட கெடையாது. அது அப்படியே கெணத்துக்குப் போயிரும். ஆத்தா வேணாம்னு தள்ளுனத நாம என்னத்துக்கு நோண்டணும்?”

“அப்ப ஆத்தா சொன்னத எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?” அப்பாவின் குரல் உயர்ந்தது. “ஆட்ட அறுத்தா பாக்க முடியும்?”

ஆடு என்ற சொல் காதில் விழுந்ததும்தான் பூசாரிக்குத் தன் ஆட்டின் நினைப்பு வந்தது. முகம் மாறியது.

“ஐயையோ, அரளி. அரளி தின்னுருந்தா ஆடு தாங்காதே.”

“ஆடு அரளியத் தொடாதுல்ல?” என்றாள் அம்மா.

“செடியில இருந்தா மோந்துட்டு விட்ரும்மா. எலைக்குள்ள வச்சுக் கட்டிக் குடுத்தா அதுக்கு என்ன தெரியும்?”

அப்போதுதான் அக்கா பேசினாள். தலையைக் குனிந்து, அடக்கமான குரலில், கல்யாணப் பெண் பேசுகிற மாதிரியே பேசினாள்.

“தும்பைன்னா அது தெனமும் மேயுறதுதான், ஒண்ணும் ஆகாது. அரளின்னா ஆட்டுக்குத் தெரிஞ்சுரும். செத்த நேரம் ஆட்டையே பாத்துக்கிட்டிருந்தா ஆத்தா சொன்னது தெரிஞ்சுரும்லப்பா.”

பூனை. பதினோராம் பக்கம். நான் வாசித்த பூனையை அவள் ஆடாக்கி, பெட்டியை வயிறாக்கி, வெயிலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் முட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பூசாரிக்குப் படவில்லை. “பாத்துக்கிட்டே இருந்தா எப்படிண்ணே? இப்பவே சாணார்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவணும்.”

“வைத்தியம் பாத்துட்டா எப்படித் தெரியும்? ஆடு பொழைச்சா, ஆத்தா வெள்ளைன்னதால பொழைச்சுச்சா, டாக்டர் ஊசி போட்டதால பொழைச்சுச்சா?”

“ஆடு என்னதுண்ணே.”

“கேள்வி என்னதுல்ல.”

அளப்பதற்காகத் தொட்டாலே அளக்கப்படுவது மாறிவிடும் என்று ஏழாம் பக்கத்தில் இருந்ததைப் பற்றித்தான் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. கம்பத்தின் நிழல் மேடையைத் தொடும்வரை பார்ப்பது. அதற்குள் ஆடு தள்ளாடினால் அந்த நிமிஷமே தூக்குவது, பதில் சிவப்பு. தள்ளாடாவிட்டால் வெள்ளை. ஆனாலும் அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், செலவு எங்களுடையது.

நாங்கள் ஆட்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தோம். அதற்கு இத்தனை மரியாதை அதுவரை கிடைத்திருக்காது. அது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தது. தும்மியது. அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டாள். கால் மடக்கிப் படுத்தது. அப்பா எழுந்து நின்றார்.

“செத்துருச்சா?” என்றாள் சித்தி மகள்.

“இல்லத்தா. அசை போடுது” என்றார் பூசாரி, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அம்மா கண்ணை மூடி, “ஆத்தா, ஆட்டக் காப்பாத்து, ஆட்டக் காப்பாத்து” என்று முணுமுணுத்தாள். மகளுக்கு இந்த இடம் அமைய வேண்டும் என்று அம்மாவுக்கு எவ்வளவு ஆசை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான்கு பேருக்கு அந்த ஆடு சாகவும் போகிறது, பிழைக்கவும் போகிறது. எனக்கும் அக்காவுக்கும் அது வெறும் ஆடு. ஒரே ஆட்டைச் சுற்றி இரண்டு உலகம் உட்கார்ந்திருந்தது. இது குவாண்டம் இல்லையே, இது வெறும் தெரியாமைதானே என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. அணுவுக்கே விடை தெரியாது என்பது வேறு, நம்மில் சிலருக்குத் தெரியாது என்பது வேறு. கட்டுனவளுக்குத் தெரியும்ல என்று முற்றத்தில் அவள் கேட்டது இதைத்தான். அவளைப் பார்த்தேன். அவள் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் விரல்கள் முந்தானை நுனியில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன. விடை தெரிந்தவளுக்கு ஏன் இந்தப் பதற்றம்? ஆடு வேறெதற்காவது தள்ளாடிவிட்டால்? வெயில், வயசு, சும்மா ஒரு கல் தடுக்குவது? அவள் கட்டியது பொட்டலத்தை மட்டும்தான். ஆட்டை அவளால் கட்ட முடியாது. அந்த நேரம் எங்கள் இருவருக்கும்கூட விடை தெரியாமல்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நிழல் மேடையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது ஆடு எழுந்தது. உடம்பை உதறியது. நேராக என்னை நோக்கி வந்து, என் சட்டைப் பையில் மூக்கை வைத்தது.

நான் பின்னால் நகர்ந்தேன். அதுவும் நகர்ந்தது. நான் மரத்தைச் சுற்றினேன். அதுவும் சுற்றியது. பைக்குள் முழுசாக ஒரு கை செவ்வரளி. இத்தனை நேரம் சாகாமல் இருந்த ஆடு இப்போது சாவதற்கு என் பையைத் தேடி வருகிறது.

“ஏலே, ஆட்டோட என்ன வெளையாட்டு?” என்றார் அப்பா. குரலில் சிரிப்பு இருந்தது. “பாத்தீங்களா பூசாரியண்ணே, எப்படித் தொரத்துதுன்னு? இதுவா அரளி தின்ன ஆடு?”

நிழல் மேடையைத் தொட்டது. பூசாரி, “வெள்ளை” என்றார். அம்மா அழுதாள். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பூசாரி மிச்சப் பொட்டலத்தை எடுத்துக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தும்பை சின்னது, அமுங்கும். அரளி அப்படி அமுங்காது. அவர் விரல் இன்னொரு முறை அழுத்தியது. அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடந்துபோய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்பதால் ஒரு குட்டியானை வண்டி பிடித்து, ஆட்டை ஏற்றிக்கொண்டு சாணார்பட்டி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். நாங்கள் பின்னால் ஆட்டோடு. போகிற வழியில் பூசாரி சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

“நம்ம கோயில்ல செவப்பு விழுறதே அபூர்வந்தான். எனக்கு வெவரம் தெரிஞ்சு வரிசையா வெள்ளைதான். கட்டுறவுக எல்லாம் நல்லவுகளா இருக்காக போல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவ செவப்பு. அதுவும் ஒங்களுக்குத்தான்.”

அன்று பொட்டலம் கட்டியவளும் அக்காதான். ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தென்னந்தோப்புகளை எண்ணுகிறவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காதோரம் சிவந்திருந்தது.

ஒரு பாலம் வந்தபோது கைக்குட்டையை அப்படியே வெளியே வீசினேன். ஆடு வருத்தத்தோடு பார்த்தது.

மருத்துவர் ஆட்டின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, என்ன தின்றது என்று கேட்டார்.

“அரளி” என்றார் பூசாரி.

“தும்பை” என்றார் அப்பா.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“அது ஆட்டுக்கும் ஆத்தாளுக்கும்தாங்க தெரியும்” என்றாள் அம்மா, பூரித்துப்போய்.

அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். தின்னாத விஷத்துக்கு ஆடு முழுசாக வைத்தியம் செய்துகொண்டது. அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று செம்பட்டிக்குப் போன் போட்டார். பேசும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பேராசிரியை இன்னொரு கட்டோடு கடைக்கு வந்தார். பழைய குறிப்பின் இரட்டைப்படைப் பக்கங்கள் வேண்டும் என்று தயங்கிக் கேட்டேன். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார். இருபதாம் பக்கத்தில் இருந்தது, எனக்குக் கிடைக்காமல் போனது: ஜோடித் துகள்களை முன்பே கட்டி வைத்த பொட்டலங்களாக நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பல தடவை, பல விதமாகக் கேட்டுப் பதில்களை எண்ணிப் பார்த்தால்தான், முன்பே யாரும் கட்டி வைக்கவில்லை என்பது வெளிப்படும். பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஓட ஓட, எனக்குப் பூசாரியின் ஞாபகம் வந்தது. அவரும் வருஷக்கணக்காக எண்ணித்தான் வந்திருக்கிறார். அவர் எண்ணிக்கை வேறொன்றைக் காட்டியது. இங்கே கட்டுகிறவள் இருக்கிறாள்.

சாயங்காலம் அதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரிவரை கேட்டாள். “பூனை என்ன சொல்லுதுன்னு போட்டிருக்கா?” என்றாள். பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தேன். அதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வண்டிக்கு நானூறு, ஆட்டு மருந்துக்கு நூற்று முப்பத்தேழு, இரட்டைப்படைப் பக்கங்களுக்குக் கடைக்கு நான் கட்டியது பதினெட்டு. அக்காவின் கல்யாணத்துக்குச் சரி கேட்க எங்களுக்கு ஆனது ஆக மொத்தம் ஐந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.